நான்காம் வாய்ப்பும் தலைமையின் துணிவும்

2009-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கும் உள்ளூர் அணியான கோல்ட்ஸுக்கும் இடையே அமெரிக்கக் கால்பந்துப் போட்டி. பேட்ரியாட்ஸ் 34-28 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களும் சில நொடிகளுமே எஞ்சியிருந்தன. அப்போது பேட்ரியாட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக் மரபுக்கு மாறான ஒரு முடிவை எடுத்தார். அந்த முயற்சி ஒரு கெஜத்துக்கும் குறைவான தூரத்தில் தவறியது. அடுத்த சில நிமிடங்களில் அவரது அணி 34-35 என்று தோற்றது.

மறுநாள் விமர்சகர்கள் அவரைக் கடுமையாகச் சாடினர். அவரிடம் ஆடி ஓய்வுபெற்ற வீரர்களும் அதில் சேர்ந்துகொண்டனர். புள்ளிவிவர ஆய்வாளர்கள் சிலர் மட்டும் ‘அணி தோற்றது உண்மை, ஆனால், எடுத்த முடிவு சரியானது’ என்றனர். தோல்வியில் முடிந்த ஒரு செயல் எப்படிச் சரியான முடிவாக இருக்க முடியும்? இந்தக் கேள்விக்கு விடை தேடுபவர்களுக்கு, அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி எழுதப்பட்டுள்ள சில நூல்களும் ஆய்வுகளும் சிறந்த வழிகாட்டிகள். அந்த விளையாட்டை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் அவற்றைப் படிக்கலாம். அதற்கு ஆட்டத்தின் விதி ஒன்றை மட்டும் அறிந்திருந்தால் போதும்.

இது நாம் அறிந்த கால்பந்து அன்று. அணிக்கு 11 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம்; சக வீரருக்கு வீசலாம். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள். முன்னேறாவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே எதிரணியின் கைக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள். கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 3 புள்ளிகள்.

மூன்று வாய்ப்புகளில் இலக்கை எட்டாத அணி, நான்காம் வாய்ப்பில் என்ன செய்யும்? பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியைப் பின்னுக்குத் தள்ளும். கம்பங்கள் அருகில் இருந்தால் மூன்று புள்ளிகளுக்கு முயலும். இது நெடுங்கால மரபு. மீண்டும் முன்னேற முயன்று தவறினால் இழப்பு பெரிது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்து வீச்சுக்குப் பிறகும் ஆட்டம் நிற்பதுபோல, இங்கும் ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் ஆட்டம் நிற்கிறது. அடுத்து என்ன செய்வது என்பதைப் பயிற்சியாளர் நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு முடிவும் தனித்தனியே பதிவாகிறது. அதன் விளைவும் உடனே தெரிகிறது. முடிவெடுத்தலைப் பற்றி ஆராய்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைப்பது அரிது.

பொருளியல் ஆசிரியனான எனக்கு இந்த விளையாட்டு அறிமுகமானது மைதானத்தில் அன்று. ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’ என்ற ஆய்விதழில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர் டேவிட் ரோமர் 2006-இல் அதில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவரது உயர்நிலைப் பேரியல் பொருளியல் பாடநூல் நம் முதுகலை மாணவர்களுக்கும் அறிமுகமானதே. கட்டுரையின் தலைப்பு ‘நிறுவனங்கள் உச்சப் பயனை நாடுகின்றனவா?’ என்ற பொருள் தருவது. நிறுவனங்கள் எப்போதும் தமக்கு மிகுந்த பயன் தரும் வழியையே தேர்ந்தெடுக்கும் என்பது எங்கள் பாடநூல்களின் அடிப்படை அனுமானம். அது உண்மையா என்று சோதிக்க ரோமர் தேர்ந்தெடுத்த களம், நான்காம் வாய்ப்பு.

1998 முதல் 2000 வரையிலான மூன்று பருவங்களின் ஆட்டங்களில் முதல் கால்பகுதியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். பிற்பகுதியில் புள்ளி நிலவரமும் நேர நெருக்கடியும் கணக்கைக் குழப்பிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. மீண்டும் முன்னேற முயல்வதே மேல் என்று அவரது கணக்கு காட்டிய 1,068 தருணங்களில், அணிகள் 959 முறை பந்தை உதைத்துவிட்டன. கோடிக்கணக்கான டாலர் புழங்கும் தொழிலில், வெற்றியையே இலக்காகக் கொண்ட வல்லுநர்கள், பத்தில் ஒன்பது முறை தமக்குப் பாதகமான வழியையே தேர்ந்தெடுத்திருந்தனர்.

ஏன்? மரபைப் பின்பற்றித் தோற்றால் வீரர்கள் மீது பழி விழும். மரபை மீறித் தோற்றால் பயிற்சியாளர் மீது பழி விழும். பங்குச் சந்தை முதலீட்டாளர்கள் ஏன் கூட்டத்தோடு செல்கிறார்கள் என்பதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் 1936-லேயே விளக்கியிருக்கிறார்: ஊரோடு சேர்ந்து இழப்பவரை யாரும் குறை சொல்வதில்லை. அணியின் நலன் வேறு, அணித் தலைவரின் நலன் வேறு என்று பிரியும் இடம் இதுதான்.

இனி, 2009-ஆம் ஆண்டின் அந்த இரவுக்குத் திரும்புவோம். பேட்ரியாட்ஸ் தனது 28-ஆவது கெஜக் கோட்டில் நின்றது, நான்காம் வாய்ப்பு, தேவை இரண்டு கெஜம். அதைப் பெற்றால் ஆட்டம் ஏறக்குறைய முடிந்தது. பந்தை உதைத்தால், கோல்ட்ஸின் பேட்டன் மேனிங் ஏறத்தாழ 70 கெஜம் கடக்க வேண்டும். பிரையன் பர்க் என்ற ஆய்வாளர் அப்போதே ஒரு கணக்கை வெளியிட்டார். இத்தகைய முயற்சி வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு. தவறினாலும், அருகிலிருந்து கோல்ட்ஸ் வெல்லும் வாய்ப்பு 53 விழுக்காடுதான். இரண்டையும் சேர்த்தால் பேட்ரியாட்ஸின் வெற்றி வாய்ப்பு 79 விழுக்காடு. உதைத்திருந்தால் 70 விழுக்காடு. கல்லூரி மாணவர் ஒருவர் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. மேனிங் போன்ற வல்லவரிடம் பந்தைத் தானாகவே ஒப்படைப்பது இன்னும் ஆபத்து என்பதையும் சேர்த்தால், பெலிசிக்கின் தரப்பு மேலும் வலுப்பெறுகிறது. அவர் 1975-இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் பெற்றவர் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இப்படிக் கணக்கிடும் வழக்கத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர், ஆட்டக்காரரே என்பது வியப்பூட்டும் செய்தி. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் வர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மகோல் என்ற பேராசிரியருடன் இணைந்து 1971-இல் ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். மைதானத்தின் எந்த இடத்தில் பந்தை வைத்திருந்தால் எத்தனை புள்ளிகள் எதிர்பார்க்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டனர். தன் எல்லைக்கு மிக அருகில் பந்தை வைத்திருப்பது சொத்தன்று, சுமை என்பது அந்தக் கணக்கில் வெளிப்பட்டது. பாப் கேரல், பீட் பாமர், ஜான் தார்ன் ஆகியோரின் ‘தி ஹிடன் கேம் ஆஃப் ஃபுட்பால்’ (1988) இந்தச் சிந்தனையைப் பொது வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. எண்களில் நாட்டமுள்ளோர் அதிலிருந்து தொடங்கலாம்.

அதே கார்ட்டர்தான் பயிற்சி வரலாற்றின் இன்னொரு திருப்பத்துக்கும் காரணமானார். பெங்கால்ஸின் துணைப் பயிற்சியாளராக அப்போது இருந்தவர் பில் வால்ஷ். நெடுந்தொலைவு பந்து வீசும் வலிமை கார்ட்டரின் கைக்கு இல்லை. குறி தவறாமை இருந்தது. இல்லாத வலிமைக்கு ஏங்காமல், இருக்கும் திறமையைச் சுற்றி ஒரு முறையை வால்ஷ் வகுத்தார். குறுகிய தொலைவுக்கு, மைதானத்தின் அகலம் முழுவதையும் பயன்படுத்தி, துல்லியமாகவும் விரைவாகவும் பந்தை வீசும் அந்த முறை பின்னாளில் ‘வெஸ்ட் கோஸ்ட்’ உத்தி என்று புகழ்பெற்றது. பற்றாக்குறையே புத்தாக்கத்தின் தாய் என்பதற்கு வகுப்பில் நான் பலமுறை சொன்ன எடுத்துக்காட்டு இது.

வால்ஷின் ‘தி ஸ்கோர் டேக்ஸ் கேர் ஆஃப் இட்செல்ஃப்’ (2009) அவரது மறைவுக்குப் பின் வெளியானது. ‘புள்ளிகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும்’ என்பது தலைப்பின் பொருள். அவர் 1979-இல் சான்ஃபிரான்சிஸ்கோ 49-அர்ஸ் அணியின் பொறுப்பேற்றபோது வெற்றியைப் பற்றி அதிகம் பேசவில்லை. தொலைபேசியை எடுப்பவர் பேசும் முறை முதல் வீரர் ஓடும் பாதையின் அங்குலக் கணக்கு வரை, ஒவ்வொருவரின் வேலைக்கும் ஒரு தரத்தை வகுத்தார். ஆட்டத்தின் தொடக்க முயற்சிகளை முன்கூட்டியே, அமைதியான அறையில் அமர்ந்து எழுதிவைத்துவிடுவார். பல்லாயிரம் பேரின் ஆரவாரத்துக்கு நடுவே மனித மனம் தெளிவாக இயங்காது என்பதை அவர் அறிந்திருந்தார். பயிற்சியாளராகவே விரும்புவோர் அவரது ‘ஃபைண்டிங் தி வின்னிங் எட்ஜ்’ (1998) என்ற பெரிய கையேட்டையும் தேடலாம்; ஏனையோருக்கு முந்தைய நூலே போதும்.

அந்நூலின் உண்மையான மதிப்பு அதன் ஒளிவுமறைவின்மையில் இருக்கிறது. 1980-இல் மயாமியில் தோற்றுத் திரும்பும் விமானத்தில், இருளில் அமர்ந்து வால்ஷ் அழுதார். வீரர்கள் பார்த்துவிடாதபடி உதவியாளர்கள் பேசிக்கொண்டிருப்பதுபோல் நின்று மறைத்தனர். பதவி விலகவும் முடிவு செய்தார்; தரையிறங்கும் முன் மனம் மாறினார். பதினான்கு மாதங்களில் அந்த அணி சூப்பர் பௌல் கோப்பையை வென்றது. பின்னர் மேலும் இரண்டு கோப்பைகள். ஆனால், வென்று பழகிய பின் எந்த வெற்றியும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. புள்ளிகளைப் பற்றிக் கவலைப்படாதே என்று கற்பித்தவர், தம்மைப் புள்ளிகளாலேயே அளந்துகொண்டு, களைத்து ஒதுங்கினார். நூலில் அதையும் அவர் மறைக்கவில்லை.

தலைமைப் பண்பு பற்றிய நூல்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. வென்றவர்களே நூல் எழுதுகிறார்கள். அதே உழைப்பை, அதே ஒழுங்கைக் கடைப்பிடித்துத் தோற்றவர்களின் கதைகள் அச்சேறுவதில்லை. வால்ஷின் முதல் இரண்டு பருவங்களில் 8 வெற்றிகள், 24 தோல்விகள். அணியின் உரிமையாளர் அப்போதே பொறுமை இழந்திருந்தால், நாம் படிக்க அந்த நூலே இருந்திருக்காது. பெலிசிக்கும் தமது முதல் தலைமைப் பொறுப்பில், கிளீவ்லாந்து அணியிலிருந்து 1996-இல் நீக்கப்பட்டவர்தான். பின்னாளில் பேட்ரியாட்ஸுடன் ஆறு சூப்பர் பௌல் கோப்பைகளை வென்றார். இடைப்பட்ட காலத்தில் அவரது அறிவு மட்டுமா மாறியது? சூழலும் வாய்ப்பும் மாறின என்பதையும் மறக்கக் கூடாது.

டேவிட் ஹால்பர்ஸ்டாம் எழுதிய ‘தி எஜுகேஷன் ஆஃப் எ கோச்’ (2005) பெலிசிக்கின் உருவாக்கத்தை விவரிக்கிறது. வியத்நாம் போர்ச் செய்திகளுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற இதழாளர் அவர். பெலிசிக்கின் தந்தை ஸ்டீவ், கடற்படை அகாதெமி அணியின் பயிற்சியாளர். எதிரணிகளை உளவறியும் முறை பற்றி 1962-இல் நூல் எழுதியவர். ஆட்டப் படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பழக்கத்தை மகன் சிறு வயதிலேயே தந்தையிடம் கற்றார். நூல் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், எதிரணியின் சைகைகளை விதிமீறிப் படம்பிடித்ததற்காகப் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

டேவிட் மரானிஸ் எழுதிய வின்ஸ் லொம்பார்டியின் வாழ்க்கை வரலாறு ‘வென் பிரைட் ஸ்டில் மேட்டர்ட்’ (1999) இவ்வரிசையில் இலக்கியத் தரம் மிக்கது. 1958-இல் ஒரே ஒரு ஆட்டத்தில் வென்ற கிரீன் பே பேக்கர்ஸ் அணியை ஏற்று, ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை வாகையர் ஆக்கியவர் லொம்பார்டி. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், லத்தீன் கற்பித்தவர். ஒரே ஒரு ஆட்ட முறையைப் பற்றி அவர் எட்டு மணி நேரம் வகுப்பெடுத்ததை, பின்னாளில் தாமும் புகழ்பெற்ற பயிற்சியாளரான ஜான் மேடன் நினைவுகூர்ந்திருக்கிறார். வெற்றியே எல்லாம் என்ற பொருளில் அவர் பெயரால் உலவும் வாசகம், அவருக்கு முன்பே ரெட் சாண்டர்ஸ் என்ற கல்லூரிப் பயிற்சியாளர் சொன்னது என்பதை மரானிஸ் தேடிக் காட்டுகிறார். குடும்பத்துக்கு லொம்பார்டி தராத நேரத்தையும் அவர் கணக்கில் வைக்கிறார்.

பொருளியல் மாணவர்கள் தவறவிடக் கூடாத இன்னொன்று, கேட் மேஸியும் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் 2013-இல் வெளியிட்ட ‘தி லூசர்ஸ் கர்ஸ்’ என்ற ஆய்வு. கல்லூரி வீரர்களைத் தேர்வு செய்யும் ஆண்டு ஏற்பாட்டில், கடைசி இடம் பெற்ற அணிக்கே முதல் உரிமை. அந்த முதல் உரிமைக்காக அணிகள் எதையும் விலையாகக் கொடுக்கத் துணிகின்றன. ஆனால், கொடுக்கும் ஊதியத்தோடு ஒப்பிட்டால், முதல் சில வீரர்களைவிட இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் கிடைப்பவர்களே அதிகப் பயன் தருகிறார்கள் என்று அவர்கள் காட்டினர். ஒருவரது எதிர்காலத் திறனை நம்மால் துல்லியமாகக் கணிக்க முடியும் என்ற மிகை நம்பிக்கையே இந்தத் தவறின் வேர்.

முடிவையும் விளைவையும் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தரும் எளிய நூல், ஆனி டியூக் எழுதிய ‘திங்கிங் இன் பெட்ஸ்’ (2018). அது 2015 சூப்பர் பௌலின் இறுதி நொடிகளோடு தொடங்குகிறது. எல்லைக்கு ஒரு கெஜம் முன்னால் நின்ற சியாட்டில் அணிக்குப் பந்தை வீசும்படி பயிற்சியாளர் பீட் கேரல் பணித்தார். பந்து எதிரணியின் கைக்குப் போனது, கோப்பையும் போனது. வரலாற்றின் மிக மோசமான முடிவு என்று அதைத் தூற்றினர். பந்து பிடிபட்டிருந்தால், அதே முடிவை மதிநுட்பம் என்று போற்றியிருப்பர் என்கிறார் டியூக். மூன்றாண்டுகள் கழித்து, 2018 சூப்பர் பௌலில் பிலடெல்பியாவின் டக் பெடர்சன் நான்காம் வாய்ப்பில் இருமுறை துணிந்தார், இரண்டும் பலித்தன. 41-33 என்று தோற்ற அணி, பெலிசிக்கின் பேட்ரியாட்ஸ். பெடர்சனைப் போற்றியவர்கள், பெலிசிக்கும் 2009-இல் அதே வழியில்தான் சிந்தித்தார் என்பதை எண்ணிப் பார்த்தார்களா?

இந்த நூல்களைப் படித்தபோது, என் வாழ்விலும் ஒரு நான்காம் வாய்ப்பு நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், விரிவுரையாளர் பணியிடம் ஒன்றுக்கான தேர்வுக் குழுவில் இருந்தேன். ஓர் இளைஞரின் பாடவுரை எங்கள் அனைவரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. ஆனால், அவருக்குக் கல்லூரி அனுபவம் இல்லை. இன்னொருவருக்குப் பத்தாண்டு அனுபவம், பாடவுரையில் உயிரில்லை. நான் அனுபவத்துக்கே வாக்களித்தேன். அவர் சரியாக அமையாவிட்டால் என்னை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதே உள்ளுக்குள் இருந்த காரணம். மாணவர்களின் நலனைவிட என் பெயரின் பாதுகாப்பு முன்னே நின்றது. ரோமரின் கட்டுரையைப் படித்த நாளில்தான் அதற்கு ஒரு பெயர் கிடைத்தது: நான் பந்தை உதைத்து அனுப்பியிருந்தேன்.

துணிவைப் போற்றும் இந்தப் பட்டியலில், எல்லாக் கணக்குகளிலும் விடுபட்டுப் போகும் ஒன்றைச் சொல்லும் நூலுக்கும் இடம் வேண்டும். மார்க் ஃபைனரு-வாடா, ஸ்டீவ் ஃபைனரு எழுதிய ‘லீக் ஆஃப் டினையல்’ (2013) அது. பிட்ஸ்பர்க் அணியின் புகழ்பெற்ற வீரர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் 50-ஆவது வயதில், நினைவும் வாழ்வும் சிதைந்த நிலையில் இறந்தார். நைஜீரியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு அவரது மூளையை ஆராய்ந்து, தொடர் மோதல்களால் விளைந்த சிதைவைக் கண்டறிந்தார். 2005-இல் வெளியான அவரது ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று லீக் சார்ந்த மருத்துவர்கள் கோரினர். ஒரு தொழிலின் செலவு அதன் கணக்கேட்டில் ஏறாமல் பிறர் தலையில் விழுவதைப் பொருளியல் புறவிளைவு என்கிறது. இங்கே அது சொல்லுக்குச் சொல் தலையிலேயே விழுந்தது.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் வால்ஷின் நூல், அடுத்து மரானிஸ், பிறகு டியூக். எண்களை அஞ்சாதவர்கள் ரோமரையும் படிக்கலாம். இறுதியாக ‘லீக் ஆஃப் டினையல்’. இந்த வரிசையில் படித்தால், தயாரிப்பு, உழைப்பு, துணிவு, அவற்றின் விலை ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகும்.

பதவியில் இருப்போரின் துணிவு அவர்களை மட்டும் சார்ந்ததன்று. அவர்களை மதிப்பிடும் நம்மையும் சார்ந்தது. விளைவை மட்டும் பார்த்துப் பழிதூற்றும் இடத்தில், எந்தத் தலைவரும் பந்தை உதைத்தே அனுப்புவார். ஒரு முடிவு தோற்கும்போது ‘என்ன ஆயிற்று’ என்று கேட்பதற்கு முன், ‘அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து எப்படிச் சிந்தித்தார்’ என்று கேட்கப் பழகுவோம். அன்று தேர்வு அறையிலிருந்து வெளியேறிய அந்த இளைஞருக்கு நான் செலுத்தக்கூடிய கடன் அதுவே.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).